ஷல், மஸ்ட், மே, கேன்: முறையான ஆங்கிலத்தில் எதை எங்கே எழுதுவது?

பேச்சில் ‘மே’ வர வேண்டிய இடத்தில் ‘கேன்’ வந்தாலும், ‘மஸ்ட்’ வர வேண்டிய இடத்தில் ‘ஷுட்’ வந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. முகமும் குரலும் மீதியைச் சொல்லிவிடும். ஒப்பந்தம், விதிமுறை, தொழில்நுட்ப ஆவணம், ஆய்வுக் கட்டுரை, சுற்றறிக்கை இவற்றில் அந்த வசதி கிடையாது. படிப்பவர் பக்கத்தில் எழுதியவர் இருக்க மாட்டார். அந்த வாக்கியம் கட்டாயமா, யோசனையா, அனுமதியா, வெறும் ஊகமா என்பதை ஒரு சின்னத் துணைவினைதான் சொல்லியாக வேண்டும். ஆங்கில இலக்கணம் இவற்றை மோடல் வினைகள் என்கிறது. அடிப்படையானவை ஒன்பது: கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷல், ஷுட், வில், வுட். இவற்றோடு ‘ஹேவ் டு’, ‘நீட்’ போன்ற உறவுக்காரர்களும் உண்டு.

பள்ளி இலக்கணம் தெரியும், ஆனால் முறையான ஆவணம் எழுத உட்கார்ந்தால் கை தயங்குகிறது என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ‘மஸ்ட்’ வலிமையானது, ‘ஷுட்’ கொஞ்சம் குறைவு, ‘மே’ அதற்கும் குறைவு என்று ஏணிப்படி மாதிரி ஒரு பட்டியல் பல பாடப்புத்தகங்களில் இருக்கும். என்னைக் கேட்டால் அந்தப் பட்டியலை மறந்துவிடுவது நல்லது. கட்டாயமும் அனுமதியும் ஒரே ஏணியின் மேல்படி, கீழ்ப்படி அல்ல. இரண்டும் வேறு வேறு சங்கதிகள். “இதைப் படிப்பவர் இப்படிச் செய்யாவிட்டால் என்ன ஆகும்?” என்ற கேள்விதான் உங்களைச் சரியான சொல்லிடம் கொண்டு சேர்க்கும்.

முதல் படி: சொல்ல வந்ததைத் தமிழில் உடைத்துப் பாருங்கள்

நம் சிக்கலின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. “போகலாம்” என்று நாம் சொன்னால் அது அனுமதியாக இருக்கலாம், வாய்ப்பாக இருக்கலாம், “வா, கிளம்புவோம்” என்ற அழைப்பாகவும் இருக்கலாம். “வேண்டும்” என்பதும் அப்படித்தான். கட்டாயம், அறிவுரை, தேவை, ஆசை எல்லாவற்றையும் அந்த ஒரே சொல் தாங்குகிறது. தமிழில் யோசித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதும்போது, ‘லாம்’ வந்தால் ‘கேன்’, ‘வேண்டும்’ வந்தால் ‘ஷுட்’ என்று கை தானாகப் போய்விடுகிறது. தவறு அங்கேயே தொடங்கிவிடும்.

அதனால் ஆங்கிலத்தை எடுப்பதற்கு முன், ‘லாம்’, ‘வேண்டும்’ இரண்டையும் தவிர்த்துவிட்டு அதே கருத்தை இன்னொரு விதமாகச் சொல்லிப் பாருங்கள். “பயனர் கோப்பை நீக்கலாம்” என்பதை எடுத்துக்கொள்வோம். நீக்க அவருக்கு அனுமதி உண்டு என்கிறீர்களா? நீக்கும் வசதி மென்பொருளில் இருக்கிறது என்கிறீர்களா? அவர் நீக்கிவிட வாய்ப்பு உண்டு, எச்சரிக்கையாக இருங்கள் என்கிறீர்களா? முதலாவதற்கு ‘மே’. இரண்டாவதற்கு ‘கேன்’. மூன்றாவதற்கு ‘மைட்’ எழுதினால் குழப்பம் இல்லை.

“வேண்டும்” வந்தாலும் இதே மாதிரி. செய்யாவிட்டால் விதியை மீறியதாகுமா? செய்யாவிட்டாலும் மீறல் இல்லை, ஆனால் செய்வது நல்லதா? அல்லது வேறு ஏதோ ஒரு சட்டமோ இயற்கை விதியோ அதைத் தேவையாக்குகிறதா, நீங்கள் வெறுமனே சுட்டிக்காட்டுகிறீர்களா? மூன்றுக்கும் ஆங்கிலத்தில் மூன்று வேறு சொற்கள் வரலாம். எது எங்கே என்பது ஆவணத்தைப் பொறுத்தது. அடுத்த படி அதைப் பற்றியதுதான்.

இரண்டாம் படி: எந்த வகை ஆவணம் என்று பாருங்கள்

புதிதாக எழுதுபவர்கள் பலர் தாண்டிப் போய்விடும் இடம் இது. “ஷல் சரியா, மஸ்ட் சரியா?” என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. ஒவ்வொரு துறையும் தனக்கென ஒரு வழக்கத்தை வகுத்து வைத்திருக்கிறது. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதும் இல்லை.

இணையத்தின் தொழில்நுட்ப நெறிகளை வகுக்கும் ஆர்எஃப்சி ஆவணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1997 மார்ச்சில் வந்த ஆர்எஃப்சி 2119, இந்தச் சொற்களுக்கென்றே எழுதப்பட்ட ஒரு குட்டி ஆவணம். அதில் ‘மஸ்ட்’, ‘ஷல்’, ‘ரிக்வயர்டு’ மூன்றும் ஒரே பொருள்: முழுக் கட்டாயம். ‘ஷுட்’ என்றால், குறிப்பிட்ட சூழலில் தக்க காரணம் இருந்தால் விலகலாம், ஆனால் விலகுவதற்கு முன் விளைவுகளை முழுதாகப் புரிந்து சீர்தூக்கிப் பார்த்திருக்க வேண்டும். ‘மே’ என்றால் உண்மையிலேயே விருப்பம்தான். ஒருவர் அந்த வசதியைச் சேர்க்கலாம், இன்னொருவர் விட்டுவிடலாம். இந்தச் சொற்களைப் பெரிய எழுத்தில் எழுதுவது அங்கே வழக்கம். அப்புறம் சிறிய எழுத்தில் வந்தால் என்ன பொருள் என்று குழப்பம் வந்தது. 2017 மே மாதம் ஆர்எஃப்சி 8174 அதைத் தீர்த்துவைத்தது: பெரிய எழுத்தில் வந்தால் மட்டுமே அந்தச் சிறப்புப் பொருள், சிறிய எழுத்தில் வந்தால் சாதாரண ஆங்கிலம். இப்படிப்பட்ட கட்டாயச் சொற்களைச் சிக்கனமாகவும் கவனமாகவும் பயன்படுத்துங்கள் என்றும் 2119 சொல்கிறது. அந்த ஒரு வரி எல்லா வகை எழுத்துக்கும் பொருந்தும் என்பேன்.

ஐஎஸ்ஓ தர ஆவணங்களுக்குப் போனால் கதை மாறுகிறது. அங்கே கட்டாயத்துக்கு ‘ஷல்’ மட்டும். பரிந்துரைக்கு ‘ஷுட்’, அனுமதிக்கு ‘மே’, இயலுமை அல்லது வாய்ப்புக்கு ‘கேன்’. ‘ஷல்’ வர வேண்டிய இடத்தில் ‘மஸ்ட்’ எழுதக் கூடாது என்பது அவர்களுடைய விதி. தர ஆவணம் விதிக்கும் கட்டாயம் வேறு, வெளியே இருக்கும் சட்டமோ இயற்கையோ விதிக்கும் கட்டாயம் வேறு. இரண்டும் கலந்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். பொறியியல் திட்டங்களில் நாசாவின் கையேடு சொல்லும் வழக்கம் இன்னொன்று: ‘ஷல்’ என்றால் நிறைவேற்ற வேண்டிய தேவை, ‘வில்’ என்றால் உண்மைத் தகவல் அல்லது நோக்கத்தைச் சொல்லும் கூற்று, ‘ஷுட்’ என்றால் இலக்கு. அந்த ஆவணங்களில் ஒருவர் ‘ஷல்’ எழுத நினைத்து ‘வில்’ எழுதிவிட்டால், அது சோதித்துப் பார்க்க வேண்டிய தேவைகளின் கணக்கிலேயே வராமல் போகலாம்.

சட்ட வரைவிலோ காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்பு, அரசின் கடமைகளைச் சொல்ல ‘மஸ்ட்’ என்றே எழுதுகிறது. அமெரிக்காவின் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளை 2007இல் மொழிநடை திருத்தி வெளியிட்டபோது, ‘ஷல்’ இருந்த இடங்களில் சூழலைப் பார்த்து ‘மஸ்ட்’, ‘மே’, ‘ஷுட்’ என்று பிரித்துப் போட்டார்கள். ஒரே சொல் மூன்று சொற்களாகப் பிரிய வேண்டியிருந்தது என்றால், அது அதுவரை எத்தனை வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

ஆக, இரண்டாம் படியில் நீங்கள் செய்ய வேண்டியது எளிது. உங்கள் நிறுவனத்துக்கோ துறைக்கோ நடைக் கையேடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைப் பின்பற்றுங்கள், உங்கள் விருப்பம் வேறாக இருந்தாலும். இல்லையென்றால் ஆவணத்தின் தொடக்கத்திலேயே ஒரு சிறு பத்தியில் எந்தச் சொல்லை எந்தப் பொருளில் பயன்படுத்துகிறீர்கள் என்று எழுதிவிடுங்கள். மூன்று நான்கு வரி போதும். பின்னால் வரும் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

மூன்றாம் படி: கட்டாயம் என்றால் யாருக்குக் கட்டாயம்?

கையேடு எதுவும் இல்லாத சாதாரண அலுவலக விதிமுறையோ கடிதமோ என்றால் என் பரிந்துரை ‘மஸ்ட்’. பேச்சு வழக்கில் உயிரோடு இருக்கும் சொல். யாரும் தப்பாகப் புரிந்துகொள்ள வழியில்லை. ‘ஷல்’ கொஞ்சம் கம்பீரமாகத் தெரியும், அதற்காகவே பலர் எழுதுகிறார்கள். ஆனால் இன்றைய ஆங்கிலப் பேச்சில் அது அரிதாகிவிட்டதால், அதன் பொருளை ஆவணத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. ‘ஷல்’ பொதுவாக ‘மஸ்ட்’ என்று பொருள்பட்டாலும், சட்ட எழுத்தாளர்கள் சில வேளை அதை ‘ஷுட்’, ‘வில்’, ஏன், ‘மே’ என்ற பொருளிலும் பயன்படுத்துகிறார்கள் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1995இல் ஒரு தீர்ப்பில் குறிப்பிட்டிருக்கிறது.

ஒப்பந்தம் எழுதும்போது ‘ஷல்’ தவிர்க்க முடியாது என்றால், அதற்கு ஒரு சோதனை உண்டு. ‘ஷல்’ இருக்கும் இடத்தில் ‘ஹேஸ் எ டியூட்டி டு’, அதாவது “செய்யும் கடமை இவருக்கு உண்டு” என்று போட்டுப் படியுங்கள். “தி சப்ளையர் ஷல் டெலிவர் தி கூட்ஸ்” என்பது தேறிவிடும். சரக்கை ஒப்படைக்கும் கடமை சப்ளையருக்கு இருக்கிறது. “திஸ் அக்ரிமென்ட் ஷல் பிகின் ஆன் 1 ஜூன்” தேறாது. ஒப்பந்தம் என்ற காகிதத்துக்கு ஜூன் 1 அன்று தொடங்கும் கடமை எப்படி வரும்? அங்கே ‘பிகின்ஸ்’ என்ற சாதாரண நிகழ்காலம் போதும். வரையறைப் பகுதிகளில் ‘ஷல் மீன்’ என்று எழுதுவதும் இதே ரகம். ‘மீன்ஸ்’ என்று எழுதுங்கள். பழைய ஆவணத்தில் இந்தச் சோதனையை ஓட்டிப் பார்த்தால் தேறாத ‘ஷல்’ எத்தனை கிடக்கின்றன என்பது தெரியும்.

இன்னொரு பொறி, “நோ பர்சன் ஷல் என்டர்” என்ற வகை வாக்கியம். இதிலும் அதே சோதனையை வைத்துப் பாருங்கள்: “நுழையும் கடமை யாருக்கும் இல்லை” என்று வருகிறது. எழுதியவர் நினைத்ததோ “யாரும் நுழையக் கூடாது”. வழக்கத்தின் பலத்தால் எல்லோரும் சரியாகத்தான் புரிந்துகொள்கிறார்கள் என்றாலும், புதிதாக எழுதுபவர் இதை அப்படியே எடுத்தாள வேண்டியதில்லை. “எ பர்சன் மஸ்ட் நாட் என்டர்” தெளிவாக இருக்கிறது. “ஆல் விசிட்டர்ஸ் மஸ்ட் நாட்” என்று தொடங்குவதையும் விட்டுவிடுங்கள். எல்லோருக்கும் தடையா, எல்லோரும் ஒரே நேரத்தில் செய்வதற்குத் தடையா என்று யாராவது ஒருவர் கேட்பார். ‘ஆல்’ என்பதை எடுத்துவிட்டு ‘விசிட்டர்ஸ்’ என்று தொடங்கினால் சரி.

யார் செய்ய வேண்டும் என்பது விட்டுப்போவதும் அடிக்கடி நடக்கும். “தி ரிப்போர்ட் மஸ்ட் பி சப்மிட்டட் பை ஃப்ரைடே” என்ற வாக்கியத்தில் ‘மஸ்ட்’ இருக்கிறது, கட்டாயம் இருக்கிறது, ஆள் இல்லை. யார் சமர்ப்பிக்க வேண்டும்? செயப்பாட்டு வினையோடு ‘மஸ்ட்’ வரும்போதெல்லாம் ஒரு நொடி நின்று, ஆளின் பெயரையோ பதவியையோ எழுவாயாக வையுங்கள். போதாக்குறைக்கு அந்த ‘பை ஃப்ரைடே’ வெள்ளிக்கிழமையையும் சேர்த்தா, அதற்கு முன்பா என்பது தனி வழக்கு. அது மோடல் விஷயம் அல்ல, ஆனால் அதே வாக்கியத்தில்தான் எப்போதும் வந்து உட்கார்ந்திருக்கும்.

‘ஷுட்’ பற்றி. மரியாதை கருதி “யூ ஷுட் ரிப்ளை வித்தின் 7 டேஸ்” என்று எழுதுகிறோம். அதிகாரமாகத் தெரிய வேண்டாம் என்பது நோக்கம். படிப்பவர் அதை யோசனையாக எடுத்துக்கொண்டு எட்டாம் நாள் பதில் போட்டால், அவரைக் குறை சொல்ல முடியாது. மரியாதை காட்ட வேறு வழி இருக்கிறது: ‘ப்ளீஸ் ரிப்ளை வித்தின் 7 டேஸ்’ என்று கேட்டுவிட்டு, தவறினால் என்ன ஆகும் என்பதை அடுத்த வாக்கியத்தில் சொல்லுங்கள். ‘ஷுட்’ எழுதுவதென்றால், விலகினாலும் குற்றமில்லை என்று நீங்களே ஒப்புக்கொள்ளும் இடத்தில் மட்டும் எழுதுங்கள். கூடவே, எப்போது விலகலாம் என்று ஓர் அரை வரி சேர்த்தால் படிப்பவர் உங்களை வாழ்த்துவார்.

‘ஷுட்’ வாக்கியத்தின் தலையில் வந்தால் அது ‘இஃப்’ என்பதன் வேலையைச் செய்யும். “ஷுட் யூ நீட் ஹெல்ப்” என்றால் “உதவி தேவைப்பட்டால்”. கடிதத்தில் அழகுதான். விதிமுறை ஆவணத்தில், அதுவும் ‘ஷுட்’ பரிந்துரைப் பொருளில் வேறு இடங்களில் வந்திருக்கும்போது, வேண்டாம், ‘இஃப்’ போடுங்கள்.

நான்காம் படி: ‘நாட்’ சேர்த்துப் பாருங்கள்

மோடல்களின் உண்மையான முகம் எதிர்மறையில்தான் தெரியும். ‘மஸ்ட்’, ‘ஹேவ் டு’ இரண்டும் நேர்மறையில் ஏறக்குறைய ஒன்றுதான். ‘நாட்’ சேர்ந்தவுடன் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போய்விடும். “யூ மஸ்ட் நாட் சைன்” என்றால் கையெழுத்திடக் கூடாது. “யூ டூ நாட் ஹேவ் டு சைன்” என்றால் கையெழுத்திட வேண்டியதில்லை, இட்டாலும் தப்பில்லை. ‘நீட் நாட்’ என்பதும் இந்த இரண்டாம் வகைதான்.

இந்த இடத்தில் தமிழிலிருந்து மொழிபெயர்ப்பவர்கள் கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டும். “கையெழுத்திட வேண்டாம்” என்று தமிழில் எழுதினால் அது தடையாகவும் இருக்கலாம், விலக்காகவும் இருக்கலாம். மூலத்தில் ‘வேண்டாம்’ இருந்தால் நேராக ஆங்கிலத்துக்குப் போகாதீர்கள். ‘கூடாது’ என்று மாற்றிப் பாருங்கள், ‘வேண்டியதில்லை’ என்று மாற்றிப் பாருங்கள். எது பொருந்துகிறதோ அதற்குரிய ஆங்கிலம் தானாக வரும்: முதலாவதற்கு ‘மஸ்ட் நாட்’, இரண்டாவதற்கு ‘நீட் நாட்’.

எல்லாவற்றிலும் ஆபத்தானது ‘மே நாட்’. “தி காமிட்டி மே நாட் அப்ரூவ் தி ரிக்வெஸ்ட்” என்ற வாக்கியத்தைப் பாருங்கள். குழுவுக்கு ஒப்புதல் தர அதிகாரம் இல்லை என்பது ஒரு வாசிப்பு. குழு ஒப்புதல் தராமல் போகலாம் என்பது இன்னொன்று. ஒப்புதல் தராமல் இருக்கக் குழுவுக்கு உரிமை உண்டு என்று மூன்றாவதாகவும் வாதாடலாம். மூன்றும் இலக்கணப்படி நிற்கும். எழுதியவருக்கு மட்டும் ஒன்றே ஒன்றுதான் தெரியும், ஏனென்றால் அது ஏற்கெனவே அவர் மனதில் இருக்கிறது. ‘மே நாட்’ என்பதைத் தடைக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று ஐஎஸ்ஓ வெளிப்படையாகச் சொல்கிறது. ஆர்எஃப்சி 2119 பட்டியலில் ‘மஸ்ட் நாட்’, ‘ஷல் நாட்’, ‘ஷுட் நாட்’ எல்லாம் உண்டு. ‘மே நாட்’ கிடையாது. நீங்களும் அதை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். தடை என்றால் ‘மஸ்ட் நாட்’. அதிகாரம் இல்லை என்றால் ‘ஹேஸ் நோ பவர் டு’. நடக்காமல் போகலாம் என்றால் ‘மைட் நாட்’. மறுக்கும் உரிமை என்றால் ‘மே ரெஃப்யூஸ் டு’. நான்கில் எதுவும் ‘மே நாட்’ என்பதைவிட ஓரிரு சொல்லுக்கு மேல் அதிக இடம் பிடிக்காது.

‘கேனாட்’ கூட ஓரளவு இப்படித்தான். “யூசர்ஸ் கேனாட் சேஞ்ச் தி பாஸ்வேர்டு” என்றால் மாற்ற அனுமதி இல்லையா, மாற்றும் வசதியே இல்லையா? மென்பொருள் கையேட்டில் இந்த வேறுபாடு முக்கியம். வசதி இருந்தும் விதி தடுக்கிறது என்றால் ‘மஸ்ட் நாட்’. கதவே இல்லை என்றால் ‘கேனாட்’.

ஐந்தாம் படி: ‘மே’, ‘கேன்’, ‘மைட்’, ‘குட்’

தனியுரிமைக் கொள்கைகளில் நீங்கள் அடிக்கடி பார்க்கும் ஒரு வாக்கியம்: “வி மே ஷேர் யுவர் டேட்டா.” உங்கள் தகவலைப் பகிர எங்களுக்கு உரிமை உண்டு என்கிறார்களா, பகிரக்கூடும் என்கிறார்களா? இரண்டும்தான். எப்போது, யாரோடு என்று சொல்லாமலேயே எல்லாவற்றுக்கும் கதவைத் திறந்து வைத்துக்கொள்ளும் வாக்கியம் இது. எழுதும் தரப்புக்கு வசதி, படிக்கும் தரப்புக்குத் தலைவலி. நீங்கள் இப்படி ஒன்றை எழுத நேர்ந்தால் ‘மே’ என்பதை நிபந்தனையோடு சேர்த்துக் கட்டுங்கள்: எந்தத் தகவல், எந்தக் காரணத்துக்கு, யாரிடம் போகும் என்று. உண்மையிலேயே பகிர்கிறீர்கள் என்றால் ‘மே’ எதற்கு? “வி ஷேர்” என்று எழுதுவதுதான் நேர்மை.

அனுமதிக்கு ‘மே’, இயலுமைக்கு ‘கேன்’ என்ற பிரிவு முறையான எழுத்தில் இன்னும் பயனுள்ளது. பேச்சில் ‘கேன்’ இரண்டுக்கும் வருகிறது, அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓர் ஆவணத்தில் “தி மேனேஜர் கேன் ரீட் ஆல் மெசேஜஸ்” என்றும் “தி மேனேஜர் மே ரீட் ஆல் மெசேஜஸ்” என்றும் வந்தால் இரண்டும் வெவ்வேறு செய்திகள். முதலாவது அமைப்பைப் பற்றியது. இரண்டாவது அதிகாரத்தைப் பற்றியது. வசதி இருப்பதாலேயே அனுமதி வந்துவிடாது என்பதைச் சொல்ல வேறு வழியில்லை.

ஆய்வுக் கட்டுரைகளில் ‘மே’, ‘மைட்’, ‘குட்’ மூன்றும் ஊகத்தின் அளவைக் காட்டும் என்று சொல்லித் தருகிறார்கள். ‘மைட்’ கொஞ்சம் நம்பிக்கை குறைவு, ‘மே’ கொஞ்சம் கூடுதல் என்று. நடைமுறையில் அந்த இடைவெளி மிகச் சிறியது; படிப்பவர் அதைக் கவனிப்பார் என்று நம்பி எழுதாதீர்கள். நம்பிக்கையின் அளவு உண்மையிலேயே முக்கியம் என்றால் மோடலிடம் அந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. காலநிலை மாற்றம் பற்றிய ஐபிசிசி அறிக்கைகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ‘லைக்லி’ என்றால் 66 முதல் 100 சதவீத வாய்ப்பு, ‘வெரி லைக்லி’ என்றால் 90 முதல் 100 சதவீதம் என்று சொற்களுக்கு எண்களைக் கட்டிவைத்திருக்கிறார்கள். உங்கள் கட்டுரையில் அவ்வளவு தேவைப்படாது. ஆனாலும் “திஸ் மே பாசிப்ளி சஜஸ்ட்” என்று தயக்கத்தின் மேல் தயக்கமாக அடுக்காமல், ஒன்றோடு நிறுத்துங்கள். ‘மே’ போட்டால் ‘பாசிப்ளி’ வேண்டாம். ‘சஜஸ்ட்ஸ்’ என்றாலே அது முடிவான முடிவு இல்லை என்று தெரிந்துவிடும்.

கடந்தகாலத்தில் மட்டும் ‘மே’, ‘மைட்’ வேறுபாட்டைக் கட்டாயம் காப்பாற்றுங்கள். “தி அலார்ம் மே ஹேவ் சேவ்டு தெம்” என்றால் அவர்கள் பிழைத்திருக்கலாம், எச்சரிக்கை மணிதான் காரணமோ என்னவோ. “தி அலார்ம் மைட் ஹேவ் சேவ்டு தெம்” என்றால் பெரும்பாலும், மணி அடித்திருந்தால் பிழைத்திருப்பார்கள், அடிக்கவில்லை. விபத்து விசாரணை அறிக்கையில் ஒரு சொல் மாறினால் ஆட்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதே மாறிப்போகிறது.

‘குட்’ பற்றி ஒரே ஒரு விஷயம். ஒரு குறிப்பிட்ட முறை ஒன்றைச் செய்து முடித்ததைச் சொல்ல ‘குட்’ எழுதாதீர்கள். “வி குட் ஃபினிஷ் தி டெஸ்ட் ஆன் டைம்” என்று எழுதினால், முடித்தீர்களா, முடித்திருக்க முடியுமா என்று படிப்பவர் குழம்புவார். “வி ஃபினிஷ்டு” என்றோ “வி வேர் ஏபிள் டு ஃபினிஷ்” என்றோ எழுதுங்கள். முடியவில்லை என்று சொல்ல ‘குட் நாட்’ தாராளமாக வரலாம்.

ஆறாம் படி: ‘வில்’ இருக்க ‘வுட்’ எதற்கு?

அலுவலகக் கடிதங்களில் “தி மீட்டிங் வுட் பி ஹெல்டு ஆன் மண்டே” என்று எழுதும் பழக்கம் நம்மிடம் நிறைய உண்டு. ‘வுட்’ பணிவாக இருக்கிறது என்ற நினைப்பு. வெளியே இருந்து படிப்பவருக்கு அது “ஏதோ நிபந்தனை நிறைவேறினால் நடந்திருக்கும்” என்று ஒலிக்கும். மீதி வாக்கியம் எங்கே என்று தேடுவார். நடக்கப்போவது உறுதி என்றால் ‘வில்’. ‘வுட்’ மூன்று இடத்துக்கு மட்டும்: ‘இஃப்’ சார்ந்த கற்பனை நிலைக்கு, பிறர் முன்பு சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போது, ‘வுட் லைக்’ போன்ற பணிவு வழக்குகளுக்கு.

தன்மைக்கு ‘ஷல்’, மற்றவர்களுக்கு ‘வில்’ என்று ஒரு பழைய விதியை யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். 1653இல் ஜான் வாலிஸ் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் அது இருக்கிறது. இன்று எதிர்காலம் சொல்ல எல்லோருக்கும் ‘வில்’ போதும்.

சில இலக்கணச் சறுக்கல்களையும் இதோடு சொல்லிவிடுகிறேன். ‘கேன் ஏபிள் டு’, ‘குட் ஏபிள் டு’ இரண்டும் கிடையாது. ‘கேன்’ அல்லது ‘இஸ் ஏபிள் டு’, ஏதாவது ஒன்று. ‘மஸ்ட் டு’ கிடையாது. இரண்டு மோடல்கள் அடுத்தடுத்து வராது, ஆகவே ‘வில் கேன்’ எழுதாமல் ‘வில் பி ஏபிள் டு’ எழுதுங்கள். கட்டாயப் பொருளில் ‘மஸ்ட்’ என்பதற்குக் கடந்தகாலம் இல்லை. ‘ஹேட் டு’ வரும். ‘மஸ்ட் ஹேவ்’ என்று எழுதினால் அது ஊகமாகிவிடும்: “ஹி மஸ்ட் ஹேவ் சைன்டு” என்றால் “அவர் கையெழுத்திட்டிருப்பார் போலிருக்கிறது”.

ஏழாம் படி: எழுதி முடித்த பின் தேடிப் பிடியுங்கள்

ஆவணம் முடிந்ததும் கணினியின் தேடல் வசதியில் ஒவ்வொரு மோடலாகப் போட்டுத் தேடுங்கள். வரிசையாகப் படிக்கும்போது கண் தாண்டிவிடும். தேடிப் பிடித்தால் ஒவ்வொன்றும் தனியாக வந்து நிற்கும். ஒரு கருவிக் கடன் விதியை எடுத்துக்காட்டாகப் பார்ப்போம். முதல் வரைவு இப்படி இருக்கிறது:

“யூசர்ஸ் ஷல் ரிட்டர்ன் தி டிவைஸ் வித்தின் 7 டேஸ். யூசர்ஸ் மே நாட் பே எ டெபாசிட். தி டிவைஸ் ஷுட் நாட் பி ஓபன்டு. லேட் ரிட்டர்ன்ஸ் வுட் பி ஃபைன்டு.”

முதல் வாக்கியத்தில் கடமை பயனருக்கு, சோதனையில் தேறுகிறது. ஆனால் மற்ற விதிகள் ‘மஸ்ட்’ பயன்படுத்துகின்றன என்றால் இதையும் ‘மஸ்ட்’ ஆக்குங்கள். இரண்டாவது வாக்கியம் வினோதம். வைப்புத்தொகை கட்ட வேண்டியதில்லை என்று எழுத நினைத்து, கட்டக் கூடாது என்று வந்துவிட்டது. ‘நீட் நாட் பே’ என்று மாற்றுங்கள். மூன்றாவதில், கருவியைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்றால் அது பரிந்துரை அல்ல, தடை. திறப்பவரும் வாக்கியத்தில் இல்லை. “யூசர்ஸ் மஸ்ட் நாட் ஓபன் தி டிவைஸ்.” நான்காவதில் அபராதம் உறுதி என்றால் ‘வில்’; அதிகாரி விரும்பினால் விதிக்கலாம் என்றால் “தி ஆஃபீசர் மே சார்ஜ் எ ஃபைன்”. இரண்டில் எது என்று மொழி தெரிந்தவரால் சொல்ல முடியாது. விதியை வகுத்தவரிடம்தான் கேட்க வேண்டும். மோடலைத் திருத்தும்போது பல நேரம் இப்படித்தான் ஆகும். இலக்கணக் கேள்வி என்று நினைத்துப் போனால், இன்னும் யாரும் முடிவெடுக்காத ஒரு விஷயம் அடியில் கிடக்கும். எழுதுபவர் தானாக ஒன்றை ஊகித்துப் போட்டுவிடக் கூடாது.

திருத்தும்போது நடையில் மாற்றம் வேண்டும் என்பதற்காக ஒரு வரியில் ‘மஸ்ட்’, அடுத்த வரியில் ‘இஸ் ரிக்வயர்டு டு’, அதற்கடுத்து ‘ஹேஸ் டு’ என்று மாற்றி மாற்றிப் போடாதீர்கள். கதையில் அது அழகாக இருக்கலாம். விதிமுறையில் சொல் மாறினால் பொருளும் மாறியிருக்கிறது என்றுதான் கவனமாகப் படிப்பவர் எடுத்துக்கொள்வார். சலிப்பாக இருந்தாலும் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுங்கள்.

வேறொருவர் எழுதிய ஒப்பந்தத்தில் நீங்கள் ஒரு பிரிவை மட்டும் சேர்க்கிறீர்கள் என்றால் இதே காரணத்துக்காக உங்கள் விருப்பத்தை ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கும். ஆவணம் முழுக்க ‘ஷல்’ இருக்க, உங்கள் ஒரு பிரிவில் மட்டும் ‘மஸ்ட்’ வந்தால், அது அவர்களைவிடக் கடுமையான கட்டாயமா என்று பின்னால் யாராவது கேட்பார்கள். ‘ஷல்’ எழுதிவிடுங்கள். மொத்த ஆவணத்தையும் திருத்தி வெளியிடும் வாய்ப்பு வரும்போது எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம்.